பத்து வருடம் கழித்து என்ன ஆகும்? ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் வேலை பற்றி ஒரு தகப்பனாருக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம், மார்க் 68 சதவீதம், ஏர்ஃபோர்ஸில் ஆபீசராகப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என்னென்ன பிரிவு இருக்கிறது, சம்பளம் எவ்வளவு, பென்ஷன் உண்டா என்று மூன்று கேள்வி. நான்காவதாக ஒரு வரி, கேள்விக்குறி கூட இல்லாமல்: "நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து அவள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை." 2021-ல் குன்னூர் பக்கம் நடந்த ராணுவ ஹெலிகாப்டர் விபத்தைச் சொல்கிறார். முதல் மூன்றுக்கும் விடை யாரிடமும் கிடைக்கும். நான் படித்தவரை நீங்கள் நிஜமாகக் கேட்பது இரண்டு: பிள்ளை உயிரோடு இருப்பாளா, முப்பத்தைந்து வயதில் வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்பி வருவாளா. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வானிலைப் பிரிவில் 24 வருடம் இருந்து, 2018-ல் விங் கமாண்டராக வெளியே வந்து, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். விமானம் ஓட்டியவன் இல்லை. பறக்கும் பிரிவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அக்னிவீர்வாயு என்பது 2022-ல் வந்த நான்கு வருட வேலை, அது ஆபீசர் வேலை இல்லை. உங்கள் மகள் கேட்பது கமிஷன், அதாவது அதிகாரியாக நியமிக்கும் ஆணை, பெற்ற வேலை. பிளஸ் டூ முடித்தவுடன் போவதென்றால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி), புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம். 2022 முதல் பெண்களும் அங்கே சேர்கிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். என்கிற முப்படைகளுக்கான பொதுத் தேர்வு இருக்கிறது, ஆனால் அதில் விமானப்படை இடங்கள் பெண்களுக்குத் திறக்கவில்லை. என்.சி.சி.யில் ஏர் விங் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் பறக்கும் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மகள் என்.சி.சி.யில் இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் அவளுக்கு இருக்கிற கதவு ஏஃப்கேட் (AFCAT) என்கிற நுழைவுத் தேர்வு ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு முறை, விமானப்படையே நடத்துகிறது. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், சரிக்கு மூன்று மார்க், தப்புக்கு ஒன்று குறையும். வயது, பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24, தரைப் பணிக்கு 20 முதல் 26.

பிரிவுகள் என்று பார்த்தால் பறப்பது, தொழில்நுட்பம், மற்ற தரைப் பணிகள் என்று மூன்று பெரிய கிளை. தொழில்நுட்பத்துக்கு பி.இ. வேண்டும், அதை விட்டுவிடுங்கள். தரைப் பணிகளில் நிர்வாகம் (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இதில்தான் வருகிறது), லாஜிஸ்டிக்ஸ், கணக்கு, கல்வி, வானிலை. 2022-ல் புதிதாக ஆயுத அமைப்புப் பிரிவு என்று ஒன்று அறிவித்தார்கள்: ஏவுகணைகள், ஆளில்லா விமானங்கள், இரண்டு பேர் ஏறும் போர் விமானத்தில் ஆயுதங்களை இயக்குவது எல்லாம் அதில். பட்டப்படிப்பில் 60 சதவீதமும் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் ஐம்பதும் இருந்தால் பறக்கும் பிரிவுக்கே விண்ணப்பிக்கத் தடை இல்லை; நிர்வாகம், லாஜிஸ்டிக்ஸும் திறந்திருக்கும். கல்விப் பிரிவுக்கு முதுகலை கேட்பார்கள். நான் போனபோது வானிலைக்கும் முதுகலை கேட்டார்கள், இப்போதைய தகுதியை அந்தந்த வருட அறிவிப்பில் வரிவரியாகப் படியுங்கள். யூடியூப்பில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

சம்பளத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத எண்கள் இவை, ஏழாவது ஊதியக் குழுவின்படி. ஃப்ளையிங் ஆபீசருக்கு அடிப்படை 56,100 ரூபாய். ஃப்ளைட் லெப்டினன்ட் ஆனால் 61,300-ல் தொடக்கம். ஸ்குவாட்ரன் லீடர் 69,400. விங் கமாண்டர் 1,21,200. இதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் மாதம் 15,500, அப்புறம் அகவிலைப்படி. பைலட்டுகளுக்குப் பறப்புப் படி தனியாக மாதம் 25,000. பதவி உயர்வு விங் கமாண்டர் வரை வருடக் கணக்கில் வந்துவிடும்: இரண்டு, ஆறு, பதின்மூன்று. அதற்கு மேல் குரூப் கேப்டன் ஆவதற்குத் தேர்வுக் குழு இருக்கிறது, அங்கே நல்லவர்களும் நின்றுபோவார்கள். நானும் விங் கமாண்டரில் நின்றேன். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் சாதாரண விடுப்பு, வேலை இடம் கொடுத்தால். குவார்ட்டர்ஸ், கேன்டீன், மருத்துவம் எல்லாம் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: பைலட்டின் அந்தப் படியைத் தவிர, ஒரே ரேங்கில் இருக்கிற எல்லாருக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே சம்பளத்தைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை. எந்த வேலையோடு காலையில் எழுந்திருக்கப் போகிறாள், எந்த வகைக் கமிஷன் அவள் கையில் இருக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கமிஷன் விஷயம்தான் இந்தப் பதிலில் முக்கியம், அதனால் நிறுத்திப் படியுங்கள். நிரந்தரக் கமிஷன் என்றால் ஓய்வு வயது வரை இருக்கலாம், குறைந்தது 20 வருடம் முடித்தால் பென்ஷன். ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்றால் கெடு வைத்த வேலை: பறக்கும் பிரிவில் 14 வருடம், தரைப் பணியில் 10 வருடம், இந்தப் பத்தை, இடமும் தகுதியும் இருந்தால், இன்னும் நான்கு வருடம் நீட்டிப்பார்கள். பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி, குழுக் காப்பீட்டில் சேர்ந்த பணம், எடுக்காத விடுப்புக்கான காசு, இவற்றோடு வெளியே வர வேண்டும். ஏஃப்கேட் வழியாகப் பெண்களுக்குக் கிடைப்பது இந்த ஷார்ட் சர்வீஸ்தான். நடுவில் நிரந்தரக் கமிஷனுக்குப் பரிசீலிப்பார்கள், பெண்களையும்தான். 2010-ல் டில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் அந்த வழி திறந்தது. ஆனால் காலியிடம், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, மருத்துவ வகை எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். கிடைத்தால் நல்லது. கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் வாங்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வயதில் பயிற்சிக்குப் போனால் 23-ல் கமிஷன், 33-ல் பத்து வருடம் முடியும், நீட்டித்தால் 37. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரி, நிர்வாகப் பிரிவு, ஒன்பதாவது வருடத்தில் ஒருநாள் சாயங்காலம் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, "சார், பத்து வருஷமா நான் என்ன வேலை பார்த்தேன்னு ஒரு பக்கத்துல எழுதச் சொல்றாங்க, எனக்கு எழுத வரல" என்றார். முந்நூறு பேருடைய மெஸ், குடியிருப்பு, விசாரணை, அணிவகுப்பு என்று அத்தனையும் தாங்கியவர். அதை வெளி உலகத்துக்குப் புரிகிற சொல்லில் எழுதத் தெரியவில்லை. அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து எட்டு மணி வரைக்கும் எழுதினோம். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்க வேண்டியது ஒன்பதாவது வருடத்தில் இல்லை, இரண்டாவது வருடத்தில். சேர்ந்தவுடன் தொலைநிலையில் ஒரு எம்.பி.ஏ.வோ முதுகலையோ பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

வெளியே வந்த பிறகு என்ன என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். பைலட்டுகளுக்குப் பறந்த மணிக்கணக்கு கையில் இருக்கும், டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பு) நடத்தும் தேர்வுகளை எழுதி உரிமம் வாங்கினால் விமான நிறுவனங்களில் இடம் உண்டு, தானாக வராது. தொழில்நுட்பப் பிரிவினரும் பத்து வருடம் எஞ்சின் பார்த்தோம் என்பதால் மட்டும் சிவில் விமானத்தில் கையெழுத்துப் போட முடியாது, அதற்குத் தனி உரிமம். லாஜிஸ்டிக்ஸ் ஆட்களைக் கிடங்கு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் விரும்பி எடுக்கின்றன. சிவில் சர்வீஸ் எழுத நினைத்தால், ஐந்து வருடம் பணி முடித்த ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு வயது வரம்பில் ஐந்து வருடம் வரை தளர்வு இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

நிரந்தரக் கமிஷன் கிடைத்துவிட்டால் பென்ஷன் உறுதி. 2004-க்கு அப்புறம் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த புதிய பென்ஷன் திட்டத்தில் முப்படைகளைச் சேர்க்கவில்லை, பழைய முறைதான். கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பணி ஊதியத்தையும் கூட்டி அதில் பாதி. 2014 ஜூலை முதல் ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் வந்ததால், பத்து வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர் ரொம்பப் பின்தங்கிவிடுவதில்லை. என் அம்மாவுக்கு மூட்டு வலி வந்தபோது வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்குத்தான் கூட்டிப் போனேன். அந்த நிம்மதியைச் சம்பளச் சீட்டில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

இப்போது அந்த நான்காவது வரி. 2021 டிசம்பர் 8, மதியம், நான் குன்னூர் பஜாரில் இருந்தேன். சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் காட்டேரிப் பக்கம் விழுந்தது. பதினான்கு பேர், பதின்மூன்று பேர் அன்றைக்கே போய்விட்டார்கள், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் அதில். உயிரோடு எடுக்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ம் தேதி போனார். நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் வீட்டுக் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடியதை நீங்கள் என்னை விடப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். விசாரணையில் சொன்னது என்னவென்றால், இயந்திரக் கோளாறோ சதியோ இல்லை; பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியது.

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மேட்டுப்பாளையம் சமவெளியில் இருக்கிற ஈரக் காற்று மலைச் சரிவில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். ஒரு உயரத்தில் ஈரம் தாங்காமல் மேகமாகிவிடும். கீழே பர்லியாறில் நிற்கிறவருக்கு அது மலைமேல் உட்கார்ந்த மேகம், குன்னூரில் நிற்கிறவருக்கு அது பனிமூட்டம், இரண்டும் ஒன்றே. பத்து நிமிடத்தில் எதிர்த் தோட்டம் மறைந்துவிடுவதை நாம் தினமும் பார்க்கிறோம், நமக்குப் பழகிவிட்டது. அதற்குள் பறக்கிறவருக்குக் கண் உதவாது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ சாய்ந்து போவதை நேராகப் போவதாகச் சொல்லும். எத்தனை ஆயிரம் மணி பறந்தவருக்கும் அந்த உறுப்பு ஒன்றுதான். அதனால்தான் வானிலை அதிகாரி என்று ஒருவரைத் தனியாக வைத்திருக்கிறார்கள். வடக்கே ஒரு தளத்தில், ஜனவரி மாதம், காலை விளக்கக் கூட்டத்தில் மூடுபனி ஏழரைக்கு விலகும் என்று சொன்னேன். ஏழரைக்கு விலகவில்லை. எட்டுக்கும் இல்லை. ஓடுபாதை முனையில் இருந்த விளக்கு ஒன்றை வைத்துத்தான் நான் தூரம் பார்ப்பேன், அது தெரியவே இல்லை. ஒன்பதே காலுக்கு மெல்லத் தெரிந்தது. அதுவரை ஒரு விமானமும் கிளம்பவில்லை, யாரும் என்னைத் திட்டவும் இல்லை. படைப்பிரிவுத் தலைவர் வந்து என் பக்கத்தில் நின்று அதே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பு என்பது அங்கே அப்படித்தான் நடக்கிறது, காத்திருப்பதில்.

அவள் அம்மாவிடம் நேராகவே சொல்லுங்கள்: ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய். போர் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் அது கூடவே இருக்கும், அதைக் குறைக்க ஒவ்வொரு நாளும் உழைக்கிறார்கள், பூஜ்யம் ஆக்க முடியவில்லை. தரைப் பணியில் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. என் 24 வருடத்தில் நான் பயந்த பயணங்களில் பெரும்பாலானவை வடகிழக்கு மலைச் சாலைகளில் ஜீப்பில் போனவை. உங்களுக்கு இந்தப் பயம் தாங்காது என்றால், அவளைத் தடுக்காதீர்கள், தரைப் பணியைப் பேசிப் பாருங்கள். அவளுக்குப் பறப்பதுதான் வேண்டும் என்றால் அந்த முடிவை அவள் எடுக்கட்டும். 2016-ல் மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவுக்கு வந்தார்கள், அதற்கு அப்புறம் பெண்களுக்கு மூடிய பிரிவு என்று விமானப்படையில் எதுவும் இல்லை. இன்னொன்று, 68 சதவீதம் என்று சங்கடத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வருண் சிங் அந்த விபத்துக்கு மூன்று மாதம் முன்னால் வெலிங்டனிலிருந்து தான் படித்த பள்ளிக்கு எழுதிய கடிதத்தில், தான் சராசரி மாணவனாகவே இருந்ததைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுத்திருந்தார்.

பெண் பிள்ளை என்பதால் கேட்கத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். 25 வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் திருமணமாகாமல் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது. ஆகவே வரன் பேச்சை இரண்டு வருடம் ஓரமாக வையுங்கள். பேறுகால விடுப்பு 180 நாள். கஷ்டம் அங்கே இல்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றுவார்கள், அங்கேதான். கணவருடைய வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இங்கே தனியாக இருக்கிற பெற்றோர். 24 வருடத்தில் எங்கள் படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு நான் ஊரில் இருந்தது நான்கு முறை. பேரகணிக் கோயிலுக்கு வெள்ளை வேட்டியில் நடந்து போகிற கூட்டத்தை அண்ணன் போனில் காட்டுவார், நான் ஏதோ ஒரு தளத்தில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. சூலூரோ தஞ்சாவூரோ தாம்பரமோ கிடைத்தால் பக்கம், ஆனால் கேட்ட இடம் எப்போதும் கிடைக்காது.

தேர்வைப் பொறுத்தவரை எழுத்துத் தேர்வு அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை, மைசூரில் நடக்கும் நேர்காணல் வாரியம்தான் வடிகட்டுகிற இடம் (டேராடூன், வாரணாசி, காந்திநகரிலும் நடக்கும், நமக்குப் பக்கம் மைசூர்). ஐந்து நாள் என்பார்கள், முதல் நாளே பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு மங்கலான படத்தை அரை நிமிடம் காட்டி, கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவில் பேசவைப்பார்கள். நம் மலைப் பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். கதை நன்றாக எழுதியிருப்பார்கள், பத்துப் பேர் கத்தும்போது வாய் திறக்க மாட்டார்கள். ஆங்கிலம் இலக்கணத்தோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்கிற மாதிரி இருந்தால் போதும். இன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் வீட்டுத் திண்ணையில் நின்று யாரிடமாவது ஆங்கிலத்தில் பேசட்டும், உங்களிடமே பேசட்டும். மைசூருக்குக் கூடலூர் வழியாகப் போகிறதென்றால் காலையிலேயே கிளம்புங்கள், பந்திப்பூரில் இரவு ஒன்பதுக்குச் சாலையை மூடிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேலை, விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடிக்க வேண்டியது. அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே, ஜூன் வாக்கிலும் வரும். அதற்குள் ஒருநாள் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய் நல்ல கண் மருத்துவரிடம் காட்டுங்கள், நிறப் பார்வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்து பாருங்கள்: பறக்கும் பிரிவுக்கு 162.5 சென்டிமீட்டர் வேண்டும், காலின் நீளம் 99-க்குக் குறையக் கூடாது. பைலட் தேர்வுக்கென்று ஒரு கணினிச் சோதனை இருக்கிறது, அதில் ஒருமுறை தோற்றால் ஆயுளுக்கும் மறுபடி எழுத முடியாது. எனவே தூக்கமில்லாமல், ஜலதோஷத்தோடு, மனம் சரியில்லாமல் அதற்குள் போய் உட்கார வேண்டாம். அளந்து பார்த்துவிட்டு, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்ததைப் பேசலாம்.